துணியில் போட்ட துளை மூடும், காகிதத்தில் போட்டது மூடாது

"யூடியூப் பார்த்து வீட்டிலேயே எம்பிராய்டரியும் பேப்பர் கிராஃப்டும் செய்து பார்க்கிறேன். துணியில் பூப் போட்டால் பூவைச் சுற்றித் துணி சுருங்கிக்கொள்கிறது. அட்டையில் நூல் தைத்து வாழ்த்து அட்டை செய்தால் கிழிந்துவிடுகிறது. எந்த கிட் வாங்கினால் சரியாக வரும்? இல்லை, நேராக ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) கிளாஸில் சேர்ந்துவிடலாமா? அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கிட் என்ற வார்த்தை இருந்தாலும் உங்கள் கேள்வி கிட் பற்றியது இல்லை என்று எனக்குப் படுகிறது. அதே கை, அதே ஊசி, அதே நூல். துணியில் ஒரு மாதிரி கெடுகிறது, அட்டையில் வேறு மாதிரி கெடுகிறது. ஏன் என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. அது பிடிபட்டுவிட்டால் கிட் வாங்கும் காசு மிச்சம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா மதுரையில் சின்னதாக ஒரு பைண்டிங் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கணக்கு நோட்டுகளுக்குக் குத்தூசியால் துளை போட்டு நூல் கோர்ப்பது என் வேலை. பிறகு தையல் படித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக வீட்டு மாடியில் எம்பிராய்டரி சொல்லிக் கொடுக்கிறேன். ஆக, காகிதத்தில் நூல் கோர்த்த பிறகுதான் நான் துணிக்கே வந்தேன். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினை நான் தொட்டதில்லை. கீழே சொல்வதெல்லாம் கைவேலைக்கு மட்டும்.

துணி என்பது பாவும் (நெடுக்கு நூல்) ஊடையுமாக (குறுக்கு நூல்) பின்னிய நூல்கள். ஊசி நுழையும்போது பெரும்பாலும் எந்த நூலையும் அறுக்காது, இரண்டு நூலுக்கு நடுவே விலக்கிக்கொண்டு போகும். தையலைப் பிரித்துவிட்டு, லேசாகத் தண்ணீர் தொட்டு நகத்தால் அப்படியும் இப்படியும் தேய்த்துப் பாருங்கள், விலகிய நூல்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும். காகிதம் வேறு ஜாதி. தண்ணீரில் மிதந்த கூழ் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து காய்ந்ததுதான் அது. ஊசி போன இடத்தில் நார் பிய்ந்துபோகும், போனது போனதுதான். நூலைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் துணி அந்தப் பக்கம் வளைந்துகொடுக்கும். அதைத்தான் சுருக்கம் என்கிறீர்கள். காகிதத்துக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, கிழிந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் முதல் காரணம் ஒன்றுதான்: நூலை நீங்கள் தேவைக்கு மேல் இழுக்கிறீர்கள். புதிதாகத் தைக்கிற எல்லோரும் இழுப்பார்கள், பயத்தில் வருகிற இழுப்பு அது. (துணியிலும் விதிவிலக்கு உண்டு. நெருக்கமாக நெய்த பட்டு, ஆர்கன்சா, ரெக்சின் இவற்றில் துளை தெரியும். பட்டு ரவிக்கையில் பிரித்துத் தைக்க வேண்டி வந்தால் எனக்கே கை நடுங்கும்.)

முதலில் துணி. சுருக்கத்துக்கு நான் பார்த்தவரை நான்கைந்து காரணங்கள் சேர்ந்தே வரும். ரிங்கில் (துணியைப் பிடித்து வைக்கும் இரட்டை வளையம்) துணியை மாட்டி, திருகை முறுக்கிய பிறகு, மத்தளம் மாதிரி விறைப்பாக வேண்டும் என்று துணியின் மூலைகளைப் பிடித்து இழுப்பீர்கள். வீடியோவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். மூலையைப் பிடித்து இழுத்தால் துணி கிராஸாக நீள்கிறது. நீண்ட துணியில் பூவைத் தைத்துவிட்டு ரிங்கைக் கழற்றினால் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. பூவைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிடும். இழுப்பதாக இருந்தால் பாவு போகும் திசையில் கொஞ்சம், ஊடை போகும் திசையில் கொஞ்சம், அதையும் திருகை முழுக்க முறுக்கும் முன்பே செய்யுங்கள். உள் வளையத்தில் பழைய பருத்தித் துணியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுற்றிவிட்டால் பிடி நன்றாக இருக்கும், துணியும் வழுக்காது. வேலை முடிந்த இரவு ரிங்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியபடியே ஒரு வாரம் விட்டால் வளையத் தடம் அழுத்தமாக விழுந்து, அழுக்கும் சேர்ந்துகொண்டால் துவைத்தாலும் எளிதில் போகாது.

அடுத்தது நூலின் கனம். ஆங்கர் நூல் ஒரு கட்டு 8 மீட்டர், அதில் 6 இழை முறுக்கியிருக்கும். கடையில் தருகிறபடியே ஆறு இழையையும் ஊசியில் கோர்த்து மெல்லிய மல் துணியில் தைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்? அதற்கு இரண்டு இழை போதும், காடாத் துணிக்கு மூன்று. இழைகளைப் பிரிக்கும்போது இரண்டையும் ஒன்றாக உருவாதீர்கள், சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு இழையாக மேல்நோக்கி உருவி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இருந்தால் சரி. ஊசியை அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு ஒன்றரை மீட்டர் நூல் எடுத்தால் பாதியிலேயே பஞ்சு பஞ்சாகிப் பளபளப்புப் போய்விடும். நாலு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தலைகீழாகத் தொங்க விட்டால் தானாகச் சுற்றி முறுக்கை விட்டுக்கொள்ளும். இதழை இடைவெளியில்லாமல் நிரப்பும் சாட்டின் ஸ்டிட்ச் வழுவழுப்பாக வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த முறுக்கில்தான் இருக்கிறது. ஒரு சாட்டின் தையலின் நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் அது துணியை இழுக்கும், இல்லையென்றால் தொளதொளத்து வளையலில் மாட்டும். இதழ் பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு நரம்பு வரைந்து இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

துணியை முன்பே நனைத்து உலர்த்தி இஸ்திரி போடாமல் தைப்பதும் சுருக்கத்துக்கு ஒரு காரணம். புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், நூல் அதே அளவுக்குச் சுருங்காது. இது சந்தேகமில்லாத விஷயம். சந்தேகமான விஷயம் ஒன்று சொல்கிறேன். சிவப்பு, கறுப்பு நூலை உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் போகாது என்று எல்லோரும் சொல்வார்கள், என் மாமியார் உட்பட. சாயம் ஏற்றும்போது உப்பு உதவுவது உண்மை, சாயத்தைப் பருத்தி இழைக்குள் தள்ளும். ஆனால் ஏற்றி முடித்த நூலில் சரியாக ஒட்டாமல் நிற்கிற உபரிச் சாயத்தை அது பூட்டி வைத்ததாக என் அனுபவத்தில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு வெள்ளைத் தலையணை உறை இரண்டில் சிவப்பு ரோஜா போட்டுக் கொடுத்தேன். கடையில் உதிரியாக வாங்கிய நூல், உப்பில் ஒரு இரவு ஊறவைத்துத்தான் தைத்தேன். முதல் சலவையில் உறை முழுக்க ரோஸ் நிறம். அன்றிலிருந்து உப்பை நம்புவதில்லை. நூலின் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பார்ப்பேன். கறை பட்டால் அந்த நூல் கறுப்புத் துணிக்கு.

இப்போது துணிக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. டிசைனைத் துணியில் எப்படி ஏற்றுகிறீர்கள்? கார்பன் வைத்தா? ஆரி வேலைக்காரர்கள் பட்டர் பேப்பரில் படத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொள்வார்கள். அதைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் நீலம் குழைத்து, அடர்நிறத் துணி என்றால் ஜிங்க் பவுடர் குழைத்து, ஒரு துணிப்பந்தால் தேய்ப்பார்கள். துளை வழியே இறங்கிய பொடி துணியில் புள்ளிக்கோடாக நிற்கும். தண்ணீர் என்றால் ஊறிப் பரவிவிடும். மண்ணெண்ணெய் ஆவியாகி, கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அடுப்பு எரிகிற அறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று பெட்ரோல் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்தக் குத்திய காகிதத்தைப் பற்றி. அதைப் பத்து ரவிக்கைக்கு வைத்து ஏற்றலாம். அதே காகிதத்தை ஒரு அட்டைமேல் கிளிப் போட்டு, ஒவ்வொரு துளை வழியாகவும் ஊசியை மறுபடி இறக்கினால் உங்கள் வாழ்த்து அட்டைக்கான துளைகள் தயார். ஒரு டிசைனைக் குத்தி வைத்துக்கொண்டால் துணி, அட்டை இரண்டிலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் துணிக்குக் குத்தும் நெருக்கம் அட்டைக்கு ஆகாது, மூன்றில் ஒரு துளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சூடு பட்டால் மறையும் பேனாக்கள் இப்போது கிடைக்கின்றன. வசதிதான். ஏறக்குறைய 60 டிகிரியில் மை நிறமற்றுப் போகிறது. போகிறதே தவிர அழிவதில்லை, கடும் குளிரில் திரும்பி வரும். நம் ஊர்க் குளிருக்கு வராது. பனி விழும் ஊரில் இருக்கும் உறவினருக்குப் பார்சல் அனுப்பினால் கோடு மறுபடி எழுந்து நிற்கலாம். அடர்நிறத் துணியில் வெள்ளைத் தடம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அட்டைக்கு வருவோம். கடைக்காரர் 'திக் பேப்பர்' என்று கொடுப்பதை நம்பாதீர்கள். காகிதத்தின் கனம் ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதில். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் எளிய வழி உண்டு. ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர், அதைப் பதினாறாக்கினால் ஏ4. ஆகவே பதினாறு ஏ4 தாளை அடுக்கித் தராசில் வைத்தால் காட்டுகிற கிராம்தான் அந்தத் தாளின் ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் தாள் 70, 80 காட்டும். நூல் தைக்க 200-க்குக் கீழே போகாதீர்கள், 250 எனக்குக் கைக்கு இதமாக இருக்கிறது. 300-ஐத் தாண்டினால் கிழியாது, ஆனால் குத்திக் குத்தி விரல் வலிக்கும். காசு கொடுத்து வாங்கும் முன் வீட்டு அலமாரியைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகைகளைவிட நல்ல பயிற்சி அட்டை கிடையாது. பளபளப்பு லேமினேஷன் உள்ள பக்கத்தில் ஃபெவிகால் ஒட்டாது, அச்சில்லாத பின்பக்கத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முடிந்த தினசரிக் காலண்டர் அட்டை குத்துவதற்கு அடியில் வைக்க உதவும். அதைவிட நல்லது தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. கழுவி வைத்துக்கொண்டால் ஊசி அதில் இறங்கும் பதம் வேறெதிலும் வராது. என் மாணவிகள் முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் அவர்களே ஆளுக்கு ஒரு செருப்போடு வருவார்கள்.

துணிக்குக் கரை இருப்பதால் நெடுக்கு, குறுக்கு கண்ணுக்குத் தெரியும். காகிதத்துக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மில்லில் கூழ் ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடுகின்றன. அப்பா கடையில் எனக்குக் கிடைத்த முதல் அடி இதற்காகத்தான், குறுக்காக மடித்து ஐம்பது அட்டையைப் பாழாக்கினேன். கண்டுபிடிப்பது சுலபம். ஒரே அட்டையில் நெடுக்காக ஒரு பட்டை, குறுக்காக ஒரு பட்டை, இரண்டும் ஒரே அளவில் வெட்டி, ஒரு முனையைச் சேர்த்துப் பிடியுங்கள். விறைப்பாக நீண்டு நிற்பதில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, தலை தொங்குவதில் குறுக்காக. வாழ்த்து அட்டையின் மடிப்பு நார் ஓடும் திசையிலேயே வர வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பின் முகட்டில் பொடிப்பொடியாக வெடிக்கும். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து எழுதாத பேனாவால் ஒரு கோடு அழுத்தி, மடித்த பிறகு கரண்டிக் காம்பால் தேய்த்துவிடுங்கள்.

துளை போடும் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். தைத்துக்கொண்டே குத்தக் கூடாது. முதலில் எல்லாத் துளையையும் முன்பக்கத்திலிருந்து குத்தி முடிக்க வேண்டும். பிசிறு பின்பக்கம் போய்விடும். துளைக்கும் துளைக்கும் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர். தபால்தலைகளுக்கு நடுவே வரிசையாகத் துளை போட்டிருப்பது கிழிப்பதற்காகத்தானே, நீங்களும் நெருக்கமாகக் குத்தினால் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள். தையல் மெஷினில் அட்டையைத் தைப்பவர்கள் தையல் நீளத்தை 3, 4 மில்லிமீட்டருக்கு ஏற்றி வைப்பதும் இதனால்தான். (காகிதம் தைத்த ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.) நூலைப் பின்னால் முடிச்சுப் போட வேண்டாம், முடிச்சு துளையைப் பெரிதாக்கும். ஒரு துண்டு டேப் போதும். நூலை இழுக்கும்போது அட்டைக்கு நேர் செங்குத்தாக, மெதுவாக. பக்கவாட்டில் இழுத்தால் நூல் ரம்பமாக மாறித் துளையை அறுக்கும்.

மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வட்டம் செய்து பாருங்கள். 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, பாகைமானியால் பத்துப் பத்து டிகிரிக்கு ஒரு புள்ளி, மொத்தம் 36. துளைகளுக்கு நடுவே ஒன்பது மில்லிமீட்டர் அளவுக்கு இடம் கிடைக்கும், கிழிய வாய்ப்பில்லை. பின்பக்கத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். 1-இல் மேலே வந்து 13-இல் இறங்குங்கள். பின்பக்கமாகப் பக்கத்துத் துளை 14-க்குப் போய் மேலே வந்து 2-இல் இறங்குங்கள். 3-இல் மேலே, 15-இல் கீழே. 16-இல் மேலே, 4-இல் கீழே. இப்படியே சுற்றி வந்தால் முன்பக்கம் நீளக் கோடுகளும் பின்பக்கம் குட்டித் தையல்களும் மட்டும் இருக்கும். ஏழெட்டுக் கோடு வரை ஒன்றும் தெரியாது, கொசுவலை மாதிரி இருக்கும். பாதிக்கு மேல் போகும்போது நடுவில் வட்டமான வெற்றிடம் ஒன்று திறக்கத் தொடங்கும், யாரும் வரையாத வட்டம். அதன் ஆரம் வெளி வட்டத்தில் சரிபாதி, இரண்டரை சென்டிமீட்டர். பன்னிரண்டு துளை தள்ளிச் சேர்த்ததால் இந்த அளவு. பதினைந்து தள்ளிச் சேர்த்தால் நடு வட்டம் சிறுக்கும், ஒன்பது என்றால் பெருக்கும். ஒரு கோடு 8.7 சென்டிமீட்டர் வருவதால், பின்பக்கத்தையும் சேர்த்து மொத்தம் மூன்றரை மீட்டர் நூல் போகும். இரண்டு இழையாகத் தைத்தால் ஒரு கட்டில் ஆறு வட்டம் தாராளமாக வரும். ஓரத்தில் உங்கள் கைப்பழக்கத்துக்குச் சின்னப் பூவோ பெயரோ சேர்த்துக்கொள்ளலாம். மகள் எட்டு வயதைத் தாண்டியவளாக இருந்தால், குத்துவதை நீங்கள் செய்துவிட்டு, கோர்ப்பதை அவளிடம் விடுங்கள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு பழைய சொந்தக்காரி இருக்கிறார். மேரி எவரெஸ்ட் பூல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1832 முதல் 1916 வரை வாழ்ந்தவர், கணிதத்தைத் தானாகவே படித்தவர். அட்டையில் நூல் தைத்து நேர்கோடுகளாலேயே வளைவு உண்டாக்குவதைக் குழந்தைகளுக்கு வடிவியல் சொல்லிக் கொடுக்கும் வழியாக முன்வைத்தவர் அவர்தான். கணவர், கணினிகளுக்கு அடிப்படையான பூலியன் அல்ஜீப்ராவை உருவாக்கிய ஜார்ஜ் பூல். பெயரில் உள்ள எவரெஸ்ட், சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட், இவரின் பெரியப்பா. அந்த எவரெஸ்ட் பின்னாளில் தலைமையேற்று நடத்திய இந்தியப் பெரும் முக்கோண நில அளவை 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி கையில் தொடங்கியது நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில்தான். அட்டையில் நூல் கோர்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், வேறு உபயோகம் ஒன்றும் இல்லை. வளைவு வேண்டுமென்றால், எல் வடிவில் இரண்டு கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் சம இடைவெளியில் பத்துத் துளை குத்துங்கள். ஒன்றில் மூலைக்கு அருகே உள்ளதை இன்னொன்றில் மூலைக்குத் தொலைவில் உள்ளதோடு சேர்த்துக்கொண்டே போனால் பள்ளியில் படித்த பரவளையம் வந்து நிற்கும்.

பேப்பர் கிராஃப்டில் மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் எனக்குச் சுமாராகத்தான் வரும். சுருள்களின் கோபுரத்தை உள்பக்கமாகப் பசை தடவிக் காயவைக்காமல் ஜிமிக்கி செய்தால் மழைக்காலத்தில் அமுங்கிவிடும் என்பது மட்டும் பட்டுத் தெரிந்தது. பசை என்றால் பைண்டிங் கடையில் மைதா காய்ச்சி மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. மயில்துத்தம் விஷம், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது வேண்டாம், வெள்ளைப் பசையே போதும். செய்தித்தாளை வெட்டி ஒட்டிச் செய்பவை சீக்கிரம் பழுப்பாகும். அந்தத் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கிறது, வெயில் பட்டதும் நிறம் மாறும். பிள்ளையார் சதுர்த்திக் குடை மாதிரி இரண்டு நாள் பொருளுக்கு அது பரவாயில்லை, சட்டம் போட்டு மாட்டப்போவதற்குக் கூடாது. டேப்பும் வருடம் போனால் மஞ்சளாகும், பசை கசிந்து முன்பக்கம் வருவதும் உண்டு. அதற்கு எத்தனை வருடம் என்பது டேப்புக்கு டேப் மாறும், கணக்குச் சொன்னால் தப்பாகப் போகும்.

ஆரி கிளாஸ் பற்றி. சேருங்கள், ஆனால் இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேறு ஆசிரியைகள் இதற்கு நேர்மாறாகச் சொல்லலாம், அவர்களிடமும் நியாயம் இருக்கும். ஆரியில் ஊசி முனையில் கொக்கி. மேல் கை ஊசியைக் குத்தும், கீழ்க் கை நூலைக் கொக்கியில் மாட்டும், வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி வரும். கீழ்க் கை என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நூலின் இறுக்கத்தை விரலாலேயே உணரப் பழகாத கைக்கு முதல் மாதம் முழுக்க எரிச்சலாக இருக்கும். உங்களுக்கு இப்போது வராத விஷயமே அந்த இறுக்கம்தான். இன்னொன்று, அரிசி மூட்டை பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்கச் சர்ரென்று உருவிக்கொண்டு வரும், தப்பான முனையைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும். அதுவும் சங்கிலித் தையல்தான், ஆரியும் சங்கிலித் தையல்தான். கடைசி வளையத்தைப் பூட்டாமல் விட்டால், ஒரு நகம் மாட்டினால் போதும், ஒரு பூ முழுக்கக் கையோடு வந்துவிடும். ஒரு மூட்டையின் தையலை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், ஒரு வளையம் அடுத்ததை எப்படிப் பிடித்திருக்கிறது என்பது ஒரு வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகத் தெரியும்.

கிட்டுக்குப் பதில் என்ன வாங்கலாம் என்றால்: ஆறு அங்குல ரிங் ஒன்று, ஒரு பாக்கெட் கலப்பு எம்பிராய்டரி ஊசி (எண் ஏற ஏற ஊசி மெல்லிசு, பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள்), பிடித்த நிறத்தில் நாலு கட்டு நூல், அரை மீட்டர் காடாத் துணி, அரை மீட்டர் மேட்டி துணி. மேட்டி எதற்கென்றால், அதில் படம் வரையவே வேண்டாம், கட்டம் எண்ணித் தைக்கலாம். நீலகிரியில் தோடர் பெண்கள் தங்கள் புத்துக்குளி என்ற போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் வேலை கோடு எதுவும் வரையாமல் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே செய்வது. அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த நுணுக்கம் நமக்கு வராது, எண்ணித் தைக்கிற பழக்கம் வரும்.

அப்புறம் ஒரு பழைய நீள நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தையல் பயிற்சியில் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று எழுத வைப்பார்கள். உள்ளங்கை அளவுத் துணியில் ஒரு தையலைப் போட்டு, ஓரம் மடித்து, நோட்டில் ஒட்டி, பக்கத்தில் எழுத வேண்டும். எனக்கு அப்போது வெறுப்பாக இருந்தது. இன்றும் எனக்குச் சந்தேகம் வந்தால் புரட்டுவது அதைத்தான். அழகாக வந்ததை மட்டும் ஒட்டாதீர்கள். சுருங்கிய துணியையும் கிழிந்த அட்டையையும் ஒட்டி, 'மூன்று இழை, மல் துணி, ரிங் இல்லாமல்' என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துணி, இழை, ஊசி மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

பிறந்தநாள் அட்டைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. இந்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் வட்டத்தைக் குத்திப் பாருங்கள், அடுத்த வாரம் நல்ல அட்டையில். தைத்து முடித்ததும் பின்பக்கத் தையலை மறைக்க இன்னொரு தாள் ஒட்ட வேண்டும். ஃபெவிகாலில் தண்ணீர் கலக்காதீர்கள், ஈரம் அதிகமானால் அட்டை படகு மாதிரி வளைந்துவிடும். ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவி, அட்டையின் நார் போகும் திசையிலேயே மேல்தாளின் நாரும் போகும்படி வைத்து ஒட்டி, மேலே ஒரு பழைய துணியை விரித்து, கனமான புத்தகங்களை ஒரு இரவு ஏற்றி வையுங்கள். காலையில் அவசரப்பட்டு எடுத்துப் பார்க்கத் தோன்றும். மதியம் வரை விடுங்கள்.